அருவியின் வெண்மை படத்தோடு ஒட்டவில்லை: நீர்வண்ணத்தையும் குவாஷையும் எப்படிச் சேர்ப்பது?

ஈரத்தாள்:

நண்பர்களுக்கு வணக்கம்.

நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகள் வரைவது ஓரளவு கைவந்திருக்கிறது. வானம், மலைத்தொடர், மரக்கூட்டம் ஆகியவற்றை அடுக்கடுக்காக வாஷ் (நீர்த்த நிறத்தின் மெல்லிய பூச்சு) கொடுத்து முடிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. அருவி என்று வரும்போது மட்டும் படம் கையை விட்டுப் போய்விடுகிறது. இப்போது வரைந்துகொண்டிருப்பது, இருபுறமும் கரிய பாறைகளும் அவற்றின் மேல் அடர்ந்த மரங்களும் சூழ, நடுவே ஒரே தாரையாக இறங்கி மடுவில் சிதறும் ஓர் அருவி. பாறைகளையும் மரங்களையும் நீர்வண்ணத்தில் முடித்து நன்றாகக் காயவிட்ட பின், அருவியை வெள்ளைக் குவாஷால், அதாவது அடியிலிருப்பதை மறைக்கும் ஒளிபுகா நீர்க்கரைசல் வண்ணத்தால், மேலிருந்து கீழாகத் தீட்டினேன். சற்று விலகி நின்று பார்த்தால், பாறை இடுக்கில் வெள்ளைத் துணியை உலர்த்தியதுபோல் இருக்கிறதே தவிர, நீர் விழுவதாகத் தோன்றவில்லை.

எங்கே தாளின் வெண்மையை விட்டுவைப்பது, எங்கே குவாஷைக் கொண்டுவருவது என்பதுதான் என் முதல் ஐயம். கடைகளில் வெள்ளையே பல பெயர்களில் கிடைக்கிறது. அவற்றுள் எது இதற்கு ஏற்றது என்பதும் புரியவில்லை. அடிவாரத்தில் எழும் சாரலை எப்படிக் காட்டுவது என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும். நான் பயன்படுத்துவது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாள், சற்றே சொரசொரப்பான கோல்ட் பிரஸ் வகை.

கருங்கல்:

வணக்கம் நண்பரே. குவாஷின் மேல் பழி போட வேண்டியதில்லை. அருவி உச்சி முதல் அடி வரை ஒரே வெண்மையில் இருப்பதால்தான் அது துணியாகத் தெரிகிறது.

நீர் எப்போது வெண்மையாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஓடிவரும் நீரில் காற்றுக்குமிழிகள் புகுந்து, நீரும் திவலைகளாக உடையும்போது, அந்த எண்ணற்ற சிறு பரப்புகளில் பட்டு ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் நம் கண்ணுக்கு வெண்மை. ஆகவே நீர் உடையாத இடத்தில் வெண்மைக்கு வேலையில்லை. பாறை விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்கும் முதல் சில அடிகளை எந்த அருவிப் படத்திலாவது பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே நீர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். அடியிலுள்ள பாறையின் பழுப்பும் பாசியின் பச்சையும் அதனூடே தெரியும். வளைவின் முதுகில் மட்டும் வானத்தின் ஒளி ஒரு மெல்லிய கோடாக ஓடும். இந்தப் பகுதியை நீர்வண்ணத்தில்தான் தீட்ட வேண்டும். மஞ்சட்காவியில் சிறிதளவு பச்சை கலந்து, நிறைய நீர் விட்டு, வளைவின் போக்கிலேயே தூரிகையை இழுத்தால் போதும். பெரும்பாலானோர் இந்த இடத்தையே தாண்டிப் போய்விடுகிறார்கள். நீர் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு வருகிறது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்வது இந்த ஒரு வளைவுதான்.

அடுத்தது, விழும் நீரின் இழைகள். விழும் பொருள் முதல் நொடியில் 4.9 மீட்டரும் இரண்டு நொடி முடிவில் மொத்தம் 19.6 மீட்டரும் கடக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்பின்னாக விளிம்பை விட்டுப் புறப்படும் இரண்டு திவலைகளை எண்ணிக்கொள்ளுங்கள். பின்னது புறப்படும் கணத்தில் இரண்டுக்கும் இடையே 5 செ.மீ. தொலைவு இருக்கும். முன்னது ஒரு நொடி விழுந்து முடிக்கையில் அந்த இடைவெளி ஏறத்தாழ 93 செ.மீ. ஆகியிருக்கும், இரண்டு நொடி முடிவில் 1.9 மீட்டரை எட்டியிருக்கும். காற்றின் தடையைச் சேர்த்தால் இந்தக் கணக்கு மாறும் என்றாலும், வரைபவருக்கு வேண்டிய செய்தி இதில் இருக்கிறது: நீர்த்தாரை இறங்க இறங்க நீண்டு, கிழிந்து, இடையில் ஓட்டைகள் விழ வேண்டும். மேலே இழைகள் நெருக்கமாக நிற்கட்டும். நடுவில் அவை நீண்டு பிரியட்டும். கீழே வருகையில் தொடர்ச்சி அறுந்து, அம்புமுனை வடிவத் திட்டுகளாகச் சிதறட்டும். உச்சி முதல் அடி வரை ஒரே அழுத்தத்தில் இழுத்த நீளமான கோடுகள் நீரின் வேகத்தைக் காட்டாது.

அந்த ஓட்டைகளை வெள்ளைக்கு மேல் கறுப்பு வைத்து உண்டாக்காதீர்கள். அவை நீருக்குப் பின்னாலிருக்கும் ஈரப்பாறை; பாறையைத் தீட்டும்போதே, அதே கலவையால், அருவிக்குள் நுழைந்து சிறுசிறு இருட்டுத் திட்டுகளாக வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் அருவியும் பாறையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பாறையைத் தனியாக முடித்துவிட்டு அதன் மேல் வெள்ளையைச் சாத்தியதுதான் உங்கள் படத்தில் இரண்டும் ஒட்டாமல் நிற்பதற்கான இன்னொரு காரணம்.

இனி நிறஅடர்த்தி. முழுக் கறுப்பை 0 என்றும் தாளின் தூய வெண்மையை 10 என்றும் வைத்துக்கொள்வோம். வெயில் நேராகப் படும் நீரை 9 அல்லது 10-இல் வைக்கலாம்; நிழலில் இறங்கும் நீருக்கு 6 அல்லது 7-க்கு மேல் கொடுக்கக் கூடாது. மூளை அதை ‘நுரை, ஆகவே வெள்ளை’ என்று சொல்லும்; அதை நம்பாதீர்கள். ஒரு துண்டு வெள்ளைத் தாளைப் புகைப்படத்தின் நிழற்பகுதிக்கு அருகில் வைத்துப் பார்த்தால், நாம் வெள்ளை என்று நினைத்தது நீலமும் ஊதாவும் கலந்த சாம்பல் என்று உடனே தெரிந்துவிடும். அருவிப் பரப்பில் பெரும்பகுதி இந்தச் சாம்பலாகவும், ஒளி முட்டும் ஒருசில முகடுகள் மட்டும் முழு வெண்மையாகவும் இருந்தால்தான் நீர்த்தாரைக்குத் திரட்சி வரும்.

ஆகவே நான் செய்யும் வரிசை இது. அருவிப் பரப்பை நீரால் நனைத்து, அல்ட்ராமரைன் நீலத்தில் சிறிது பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்த மிக வெளிறிய சாம்பலை, ஒளிபடும் பக்கத்தைத் தொடாமல், நிழற்பக்கத்தில் மட்டும் பரவவிடுவேன். அது காய்ந்ததும், அதே இரண்டு நிறங்களை மிகக் கெட்டியாகக் கலந்து, அருவியை ஒட்டிய ஈரப்பாறைகளை வைப்பேன். ஈரம்பட்ட கல் உலர்ந்த கல்லைவிட எப்போதும் கருமையாகவே இருக்கும். அருவிக்கு இருபுறமும் ஒரு பட்டையளவு மட்டும் இந்தக் கருமையை வைத்து, விலக விலகப் பாறையை வெளிறவிட்டால், நீர் தானாகவே ஒளிரத் தொடங்கும். ஓரங்களிலும் ஒரு வேறுபாடு வேண்டும்: வெயில் பக்கத்து விளிம்பு வெட்டினாற்போல் கூர்மையாகவும், நிழல் பக்கத்து விளிம்பு பாறைக்குள் கரைந்தும் இருக்கட்டும். குவாஷ் எடுப்பது இவை எல்லாம் முடிந்த பிறகுதான். அப்போது அதற்கு மிஞ்சியிருக்கும் வேலை மிகக் குறைவாக இருக்கும்: பாறைமேல் குறுக்கே தெறிக்கும் சில இழைகள், முகடுகளில் ஒளிப்புள்ளிகள், நிழல் நீருக்குள் சற்றே வெளிறிய சில கீற்றுகள்.

மெல்லியகோடு:

வெள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிறமியின் குறியீட்டைக் குழாயின் மேல் தேடிப் பாருங்கள். பிடபிள்யூ 6 என்றிருந்தால் டைட்டானியம் வெள்ளை. பிடபிள்யூ 4 என்றிருந்தால் துத்தநாக வெள்ளை. இருட்டான பாறைமேல் ஒரே தடவையில் மூடி நிற்க வேண்டுமானால் டைட்டானியம்தான் சரி. குவாஷ் வரிசைகளில் ‘பெர்மனென்ட் ஒயிட்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுவே. துத்தநாக வெள்ளைக்கு மறைக்கும் வலு குறைவு. மற்ற நிறங்களோடு கலந்தால் அவற்றை ஒரேயடியாக வெளிறச் செய்யாது என்பதால், நிழல் நீரின் மெல்லிய சாம்பல்களைக் கலப்பதற்கு அது நல்லது. நீர்வண்ணப் பெட்டிகளில் இருக்கும் ‘சைனீஸ் ஒயிட்’டும் துத்தநாக வெள்ளைதான், வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் அதை 1834-இல் அறிமுகப்படுத்தியது. அதைக் கொண்டு கரும்பாறைமேல் நுரையைப் போட முயன்றால் கை ஓய்ந்துபோகும்.

கெட்டித்தன்மையும் முக்கியம். தூரிகையை உயர்த்திப் பிடித்தால் சொட்டாமல் முனையிலேயே தங்கி நிற்க வேண்டும். தாளில் இழுத்தால் தயங்காமல் ஓட வேண்டும். அதைவிடக் கெட்டியாக அப்பினால் காய்ந்தபின் வெடிக்கும். குவாஷில் வெளிர்நிறங்கள் காயும்போது சற்று இருளும், இருண்ட நிறங்கள் சற்று வெளிறும் என்பதால், ஒதுக்குத் தாளில் ஒரு கோடிட்டுக் காயவைத்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு செல்லுங்கள். ‘அக்ரிலிக் குவாஷ்’ என்பது வேறு பொருள். காய்ந்தபின் நீரில் கரையாது. தெரியாமல் வாங்கிவிட வேண்டாம்.

வெண்தாள்:

மேலே சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. தாளின் வெண்மைக்கு நிகரான வெண்மை எந்தக் குழாயிலும் கிடையாது. நீர்வண்ணத்தில் ஒளி, நிறப்படலத்தின் ஊடே சென்று தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. குவாஷிலோ மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. இரண்டையும் ஒரே படத்தில் அருகருகே வைத்தால், பழகிய கண்ணுக்கு அந்த மங்கலான பூச்சு தனியாகத் தெரியும். ஆகவே ஈரத்தாள் அவர்கள் குவாஷை நாடும்முன், அது இல்லாமலே எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்று பார்ப்பது நல்லது.

கோல்ட் பிரஸ் தாள் வைத்திருக்கிறார். அதன் சொரசொரப்பே பாதி வேலையைச் செய்துவிடும். பாறைக்கான கெட்டியான இருள்நிறத்தைத் தூரிகையில் எடுத்து, ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டு, தூரிகையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அருவியின் ஓரத்திலிருந்து கீழ்நோக்கி வேகமாக இழுத்தால், தாளின் மேடுகளில் மட்டும் நிறம் பிடித்து, பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். அந்தப் பொடிப்பொடியான வெண்புள்ளிகளைவிட இயல்பான திவலைகளைக் குவாஷால் புள்ளிபுள்ளியாக வைத்து உண்டாக்க முடியாது. மெல்லிய தனி இழைகள் வேண்டுமென்றால் மாஸ்கிங் ஃப்ளூயிட் இருக்கிறது; தாளில் நிறம் படாமல் காத்து, பின்னர் உரித்தெடுக்கும் திரவம் அது. பழைய தூரிகையைச் சோப்பில் தோய்த்து எடுத்து அதன்பின் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் முடி ஒட்டிப் பாழாகிவிடும். பல நாள் தாளிலேயே விட்டுவிடவும் கூடாது. சூடான காற்றால் உலர்த்தவும் கூடாது. இரண்டுமே அதைத் தாளோடு பிடித்துக்கொள்ளச் செய்துவிடும். உரித்தபின் தெரியும் விளிம்புகள் மிகக் கூர்மையாக இருக்கும்; ஈரத் தூரிகையால் அவற்றுள் பாதியையாவது தேய்த்து மழுக்கிவிட்டால்தான் அது நீராகத் தெரியும்.

கடைசி வழி சுரண்டுவது. ஆங்கிலேய ஓவியர் டர்னர் 1804-இல் தீட்டிய, சுவிட்சர்லாந்தின் ரைஷன்பாக் அருவியின் பெரிய நீர்வண்ணப் படத்தில், நிறத்தை ஒற்றியெடுத்தும் சுரண்டியும் தாளின் வெண்மையை மீட்டிருக்கிறார். நம் கையிலிருக்கும் 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளும் அதைத் தாங்கும். தாள் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். கத்திமுனையை நீர் விழும் திசையிலேயே ஒருமுறை மட்டும் இழுக்க வேண்டும். சுரண்டிய இடத்தில் மறுபடி நிறம் வைத்தால் திட்டாக ஊறிவிடும் என்பதால் எல்லாம் முடிந்தபின் செய்ய வேண்டிய வேலை இது.

கருங்கல்:

வெண்தாள் அவர்கள் சொன்ன உலர்தூரிகை உத்தியை நானும் கையாள்கிறேன். அதில் கருத்து வேறுபாடு இல்லை. குவாஷைச் சேர்த்தால் தூய்மை கெடும் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1502-இல் தீட்டிய முயல் படத்தில் நீர்வண்ணமும் ஒளிபுகா வண்ணமும் சேர்ந்தே இருக்கின்றன. அதைப் பார்த்து யாரும் மங்கல் என்று சொல்வதில்லை. படத்தில் ஒரே ஓரிடத்தில் மட்டும் குவாஷ் இருந்தால்தான் அது தனியாகத் தெரியும். மரங்களின் ஒளிபடும் இலைகளிலும், பாறை முகடுகளிலும், மடுவின் ஓரத்துக் கூழாங்கற்களிலும் அங்கங்கே சிறிது குவாஷ் விழுந்திருந்தால் அருவியிலிருப்பது உறுத்தாது.

ஈரத்தாள்:

அனைவருக்கும் நன்றி. கருங்கல் ஐயா சொன்ன வரிசைப்படி ஒரு சிறிய தாளில் செய்து பார்த்தேன். விளிம்பின் வளைவும் நிழல் நீரின் சாம்பலும் வந்தவுடனே படம் மாறிவிட்டது. ஆனால் அடிவாரச் சாரலில் மாட்டிக்கொண்டேன். பாறைகளின் கால்பகுதியை மறைக்கும்படி வெள்ளைக் குவாஷை நீர்த்துத் தடவியதும், அடியிலிருந்த பாறை நிறம் கரைந்து மேலே வந்து, சாரல் முழுவதும் சேறாகிவிட்டது. அதோடு, கலங்காத இடங்களில்கூட வெள்ளை நீலம் பாரித்துத் தெரிகிறது. நான் நீலம் எதையும் கலக்கவில்லை.

கருங்கல்:

நீலம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளை நிறமியின் நுண்துகள்கள் இருண்ட பரப்பின் மேல் மெல்லிய படலமாக நிற்கும்போது, நீல ஒளியை மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சிதறடிக்கும். ஆகவே கலக்காமலே நீலம் தோன்றும். நிழலிலுள்ள சாரலுக்கு இது நமக்கு இலவசமாகக் கிடைக்கும் நன்மை, அப்படியே விட்டுவிடலாம். வெயில் படும் சாரலில் அது பொருந்தாது. அங்கே வெள்ளையோடு ஒரு துளி மஞ்சட்காவி கலந்துகொண்டால் நீலம் அடங்கிவிடும். கூடுதலாகக் கலந்தால் தூசிபோல் ஆகிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேறானதற்குக் காரணம், நீர்வண்ணம், குவாஷ் இரண்டிலும் நிறமியைப் பிணைத்து நிற்பது கருவேலம் பிசின் என்பதுதான். அது எத்தனை நாள் காய்ந்தாலும் நீர் பட்டால் மறுபடி கரையும். நீர்த்த குவாஷை வைத்து முன்னும் பின்னும் தேய்த்தால் அடியிலிருப்பது எழும்பாமல் இருக்காது. இதை அடியிலேயே தடுக்க வேண்டும். சாரல் வரப்போகும் இடத்தில் பாறையை முழு இருளில் தீட்டி முடித்துவிட்டுப் பின்னர் மறைக்க முயலாதீர்கள். பாறையின் இருள் கீழிறங்கி வரும்போதே, அடிவாரத்துக்குச் சற்று மேலே, தூய நீரில் நனைத்த தூரிகையால் அந்த ஈர விளிம்பைத் தொட்டுக் கீழ்நோக்கி இழுத்து, ஒன்றுமில்லாமல் கரையவிடுங்கள். பாறைக்குக் கால் இல்லாமல் போக வேண்டும். சாரலில் முக்கால்வாசி இப்படித் தாளின் வெண்மையிலேயே வந்துவிடும். நிறம் மிகுதியாக இறங்கிவிட்டால், ஈரம் காயும்முன் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

எங்கே குவாஷ் தவிர்க்க முடியாததோ அங்கே அடிநிறம் தாளில் ஊறிப் பிடிப்பதாக இருக்கட்டும். தாலோ நீலமும் தாலோ பச்சையும் அப்படிப்பட்டவை. அல்ட்ராமரைன் எளிதில் எழும்பிவிடும். வெள்ளையை நீராகக் கரைக்காமல், பிழிந்த வட்டத் தூரிகையின் வயிற்றில் மிகச் சிறிதளவு எடுத்து, ஒதுக்குத் தாளில் தட்டிக் குறைத்துக்கொண்டு, பாறைமேல் ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஒரே இடத்தில் ஈரமாக இருக்கும்போதே இரண்டாம் முறை கை வைக்கவும் வேண்டாம். சாரல் மண்டலத்துக்குள் கூர்மையான விளிம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெளியே தெறிக்கும் துளிகளை மட்டும், படத்தின் மற்ற பகுதிகளைத் தாளால் மூடிக்கொண்டு, பல்துலக்கும் பிரஷால் தெளிக்கலாம். கைக்கு வேடிக்கையாக இருக்கிறது என்று அளவு மீறிவிடாதீர்கள். எங்கும் புள்ளியாக இருந்தால் பனி பெய்வதுபோல் ஆகிவிடும்.

மடுவைப் பற்றி ஒரு சொல்: நுரைத் திட்டுகள் நீரின் தட்டையான பரப்பில் மிதப்பவை. அருகிலிருப்பவை அகலமான நீள்வட்டங்களாகவும், அருவியை நெருங்க நெருங்க ஒடுங்கிக் கோடுகளாகவும் தெரிய வேண்டும். அங்கே தூரிகை கிடைவாக்கில் மட்டுமே போகட்டும்.

மெல்லியகோடு:

முதலில் தீட்டிய பெரிய படத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் அருவி முழுவதும் டைட்டானியம் வெள்ளையாக இருப்பதால், அதன் மேல் நீர்வண்ணத்தை மெலிதாக ஓட்டி நிழல் கொடுக்க முயன்றால் வெள்ளை கரைந்து பால்நிறமாகும். அதற்குப் பதிலாக, வெள்ளைக் குவாஷிலேயே அல்ட்ராமரைனையும் மிகச் சிறிது பர்ன்ட் சியன்னாவையும் கலந்து, 6, 7 அடர்த்தியில் ஒரு சாம்பலை உண்டாக்கி, நிழற்பக்கத்தை அதனால் மூடிவிடுங்கள். பின்னர் பாறையின் இருளை, அதுவும் குவாஷிலேயே, அருவிக்குள் ஓட்டைகளாக வையுங்கள். ஒளிபடும் முகடுகளில் பழைய வெள்ளையை அப்படியே விட்டால் போதும். உச்சியின் கண்ணாடி வளைவுக்கு மட்டும், ஈரமான விறைப்புத் தூரிகையால் வெள்ளையை இயன்றவரை தேய்த்து எடுத்து, தாள் காய்ந்தபின் காவியை ஓட்டலாம். டைட்டானியம் முழுவதும் போகாது என்றாலும், எஞ்சிய மங்கலின் மேல் காவி நன்றாகவே பிடிக்கும்.

சட்டமிடும்போது குவாஷ் கண்ணாடியில் படாதபடி இடையில் மவுன்ட் அட்டை (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டைச் சட்டகம்) வைக்கச் சொல்லுங்கள். ஈரக்காற்றில் அது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மேலே வார்னிஷ் எதுவும் அடிக்க வேண்டாம். வெள்ளையின் மறைப்பு குறைந்து, குவாஷின் அடர்த்திகள் எல்லாம் இருண்டுவிடும்.